ஸ்டெப்பர் மோட்டார் ஹோமிங்: சென்சாரிலிருந்து தொடங்கும் ஒயரிங்

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. கன்ட்ரோலர் ஒரு பல்ஸ் அனுப்பினால் ஒரு ஸ்டெப் நகரும், ஆயிரம் அனுப்பினால் ஆயிரம் ஸ்டெப் நகரும். உண்மையில் நகர்ந்ததா, நடுவில் சிக்கி நின்றதா என்று திருப்பிச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. கன்ட்ரோலர் திரையில் தெரிகிற 125.00 மி.மீ. என்பது அளந்த தூரம் இல்லை, இதுவரை அனுப்பிய பல்ஸ்களின் கணக்கு மட்டும்தான். மின்சாரம் போய் வந்தால் அந்தக் கணக்கும் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு முறை ஆன் செய்ததும் அச்சை, அதாவது மோட்டார் நகர்த்தும் பகுதியை, தெரிந்த ஓர் இடத்துக்கு ஓட்டி, அங்கே கணக்கைப் பூஜ்யமாக்கித் தொடங்குகிறோம். ஹோமிங் என்பது இதுதான்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் முதலில் மோட்டாரை இணைத்து, அது சுற்றுவதைப் பார்த்துவிட்டு, சென்சாரைக் கடைசியில் சேர்ப்பது வழக்கம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஹோமிங் கட்டளை கொடுத்தால் மோட்டார் சென்சார் கிடைக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். சென்சார் ஒயர் தவறாக இருந்தால் அச்சு போய் ஓரத்தில் மோதும். ஆகவே முதலில் சென்சார், அப்புறம் டிரைவர் (பல்ஸை வாங்கி மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் பெட்டி), கடைசியில்தான் மோட்டார்.

இந்தக் கட்டுரைக்கு ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே அச்சு, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ, சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள, அதாவது ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும் மோட்டார். தனியாக வரும் டிரைவர். 24 வோல்ட் பவர் சப்ளை. ஹோம் சென்சாராக, உலோகம் அருகில் வந்தால் உணரும் மூன்று ஒயர் இண்டக்டிவ் பிராக்சிமிட்டி. இரண்டு ஓரங்களிலும், அச்சு எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிட் சுவிட்ச். கன்ட்ரோலர் பிஎல்சியாக (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) இருக்கலாம், மோஷன் கார்டாக இருக்கலாம், ஜிஆர்பிஎல் என்ற இயக்கக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் ஆர்டுயினோ போர்டாகவும் இருக்கலாம். ஒயரிங்கின் தர்க்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

சென்சார்

டிசி மூன்று ஒயர் பிராக்சிமிட்டியில் பழுப்பு ஒயர் 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கருப்பு சிக்னல். இந்த நிறங்கள் சர்வதேசத் தரப்படி வருவதால் பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் சென்சார் உடம்பிலேயே ஒட்டியிருக்கும் சின்னப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குழப்பம் தொடங்குவது கருப்பு ஒயரில். என்பிஎன் வகை சென்சார் உலோகத்தைக் கண்டதும் கருப்பை 0 வோல்ட்டோடு சேர்க்கும். பிஎன்பி வகை 24 வோல்ட்டோடு சேர்க்கும். கன்ட்ரோலரின் உள்ளீடு இதற்கு எதிர்ப்பக்கத்தில் காத்திருக்க வேண்டும். உள்ளீட்டு காமன் டெர்மினல் 24 வோல்ட்டில் இணைக்கப்பட்டிருந்தால் என்பிஎன் சென்சார் வேலை செய்யும். காமன் 0 வோல்ட்டில் இருந்தால் பிஎன்பி. இந்த இரண்டு வகைக்கும் வைக்கும் சிங்க், சோர்ஸ் என்ற பெயர்களை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு பொருளில் எழுதுகிறார்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கையேட்டில் உள்ள உள்ளீட்டுச் சுற்றுப் படத்தில் காமன் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கன்ட்ரோலர் 5 வோல்ட் போர்டு என்றால் 24 வோல்ட் சென்சாரை நேராக அதன் பின்னில் செருகக் கூடாது. 'என்பிஎன்தானே, 0 வோல்ட்டுக்குத்தானே இழுக்கப்போகிறது' என்று சிலர் துணிவார்கள். ஆனால் சில என்பிஎன் சென்சார்களுக்குள்ளேயே 24 வோல்ட்டுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் இருக்கும். உலோகம் எதிரே இல்லாத நேரமெல்லாம் அந்த 24 வோல்ட் உங்கள் பின்னில் வந்து உட்காரும். நடுவில் ஓர் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தி இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கும் உறுப்பு) போட்டால் இந்தத் தொல்லையும் இல்லை, மோட்டார் கேபிளிலிருந்து வரும் இரைச்சலும் குறையும்.

அடுத்த கேள்வி, என்.ஓ. (தொடாதபோது சுற்று திறந்திருப்பது) வகையா என்.சி. (தொடாதபோது மூடியிருப்பது) வகையா என்பது. ஓரத்து லிமிட் சுவிட்சுகளில் யோசிக்கவே வேண்டாம், என்.சி.தான். ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், 'லிமிட் தொட்டுவிட்டது' என்று கன்ட்ரோலர் புரிந்துகொண்டு நிற்கும். என்.ஓ. போட்டால் அறுந்த ஒயரும் தொடாத சுவிட்சும் ஒரே மாதிரி தெரியும். ஹோம் சென்சாருக்கு என்.ஓ. இருந்தாலும் பரவாயில்லை, அதற்குப் பின்னால் ஓர் என்.சி. லிமிட் காவல் நிற்கிறது என்றால்.

பொருத்தும் இடத்திலும் கொஞ்சம் பொறுமை தேவை. 12 மி.மீ. விட்டமுள்ள சாதாரண சென்சாரில் ஷீல்டு உள்ளது 2 மி.மீ. தூரமும், ஷீல்டு இல்லாதது 4 மி.மீ. தூரமும் உணரும். இந்தக் கணக்கு இரும்புக்கு. அலுமினியத்துக்கு இது பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் சென்சாருக்கு முன்னால் வரும் துண்டு இரும்பாக இருக்கட்டும், இடைவெளி சொல்லப்பட்ட தூரத்தில் பாதியாக இருக்கட்டும். ஷீல்டு இல்லாத சென்சாரை உலோகத் தகட்டுக்குள் முழுதாகப் புதைத்தால், சுற்றியுள்ள தகட்டையே கண்டு அதன் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

இரும்புத் துண்டு சென்சார் முகத்தை நோக்கி நேராக வருவதை விட, பக்கவாட்டில் அதைக் கடந்து போகும்படி வையுங்கள். நேராக வந்தால் ஒருநாள் நிற்காமல் போகும்போது சென்சாரின் முகம் உடையும்.

இப்போது கைச் சோதனை. டிரைவருக்கு மின்சாரம் தராமல், கன்ட்ரோலருக்கும் சென்சாருக்கும் மட்டும் கொடுங்கள். ஒரு ஸ்பேனரை சென்சார் முன் கொண்டுபோங்கள். சென்சாரின் எல்இடி மாற வேண்டும். கன்ட்ரோலர் திரையில் உள்ளீட்டின் நிலையும் மாற வேண்டும். இரண்டையும் பார்க்க வேண்டும். எல்இடி மாறுகிறது, கன்ட்ரோலர் அசையவில்லை என்றால் என்பிஎன், பிஎன்பி பொருத்தமோ காமன் இணைப்போ தவறு. எல்இடியே எரியவில்லை என்றால் பழுப்பு, நீல ஒயர்களுக்கு நடுவே 24 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பில் கேள்விக்குறி ஒன்றை அனுப்பினால் வரும் நிலை அறிக்கையில், தொட்ட சுவிட்ச் எந்த அச்சுக்கு உரியதோ அதன் எழுத்து (எக்ஸ், ஒய், இசட்) சேர்ந்து வரும். எதையும் தொடாதபோதே அந்த எழுத்து வந்தால், லிமிட் உள்ளீட்டைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் $5 அமைப்பைத் திருப்பிப் போட வேண்டும்.

இதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு லிமிட் சுவிட்சின் ஒயரையும் டெர்மினலிலிருந்து கழற்றிப் பாருங்கள். கன்ட்ரோலர் லிமிட் தொட்டதாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் என்.சி. என்று நினைத்து என்.ஓ. முனையில் இணைத்திருக்கிறீர்கள்.

டிரைவருக்குச் சிக்னல்

தொழிற்சாலை வகை டிரைவர்களில் மூன்று ஜோடி உள்ளீடுகள் இருக்கும்: பல்ஸ், டைரக்‌ஷன், எனேபிள். ஒவ்வொன்றுக்கும் பிளஸ், மைனஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் ஆப்டோகப்ளருக்குள் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. பிளஸ்ஸிலிருந்து மைனஸ்ஸுக்கு மின்னோட்டம் ஓடினால் சிக்னல், ஓடாவிட்டால் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கன்ட்ரோலருக்கும் நீங்களே ஒயரிங் வரைந்துவிடலாம். கன்ட்ரோலர் வெளியீடு 0 வோல்ட்டுக்கு இழுக்கும் வகை என்றால் பிளஸ் டெர்மினல்களை எல்லாம் சேர்த்து சிக்னல் சப்ளையில் கொடுத்து, மைனஸ்களைக் கன்ட்ரோலருக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியீடு வோல்ட்டேஜைத் தரும் வகை என்றால் மைனஸ்கள் எல்லாம் 0 வோல்ட்டுக்கு, பிளஸ்கள் கன்ட்ரோலருக்கு.

பல டிரைவர்களின் உள்ளீடு 5 வோல்ட்டுக்கு அமைந்தது. 24 வோல்ட் பிஎல்சியிலிருந்து கொடுக்கும்போது ஒவ்வொரு சிக்னலுக்கும் தனியாக ஒரு 2 கிலோஓம் ரெசிஸ்டர் தொடரில் வைப்பது வழக்கம். புதிய டிரைவர்கள் சிலவற்றில் 5, 24 என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருக்கும். அப்படி இருந்தால் ரெசிஸ்டர் வேண்டாம், சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று: பிஎல்சியின் வெளியீடு டிரான்சிஸ்டர் வகையாக இருக்க வேண்டும். ரிலே வெளியீட்டால் இந்த வேகத்தில் பல்ஸ் தர முடியாது.

எனேபிள் ஜோடியை ஆரம்பத்தில் அப்படியே விட்டுவிடலாம். பெரும்பாலான டிரைவர்கள் எனேபிள் இணைக்கப்படாவிட்டால் 'இயங்கு' என்றே எடுத்துக்கொள்ளும்.

கன்ட்ரோலரில் பல்ஸ் முறை 'பல்ஸும் டைரக்‌ஷனும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கத்துக்கு ஒரு பல்ஸ் ஒயர், இடப்பக்கத்துக்கு இன்னொன்று என்ற மற்ற முறையும் உண்டு. முறை பொருந்தாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஓடி, மறுபக்கம் அசையாது. இதைப் பார்த்து மோட்டாரைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

மோட்டார் காயில்கள்

நான்கு ஒயர் மோட்டாரில் இரண்டு காயில். எந்த இரண்டு ஒயர் ஒரு ஜோடி என்பதுதான் கேள்வி. நிறத்தை நம்ப வேண்டாம், அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளந்தால், சில ஓம்கள் காட்டும் இரண்டும் ஒரு காயில். தொடர்பே இல்லாதவை வேறு வேறு காயில். மீட்டர் கையில் இல்லையா? இரண்டு ஒயர்களின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டை விரலால் சுற்றுங்கள். விட்டு விட்டு இறுக்கம் தெரிந்தால் அவை ஜோடி.

ஒரு ஜோடி ஏ+, ஏ–. மற்றது பி+, பி–. பிளஸ் மைனஸ் மாறினாலும் எதுவும் கெடாது, சுற்றும் திசை மட்டும் மாறும். ஆனால் ஜோடிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் மோட்டார் அதிர்ந்து உறுமுமே தவிரச் சுற்றாது. ஆறு ஒயர் மோட்டார் என்றால் ஒவ்வொரு காயிலுக்கும் நடுவில் ஒரு ஒயர் கூடுதலாக வரும். முனைக்கும் நடுவுக்கும் உள்ள ஓம், முனைக்கும் முனைக்கும் உள்ளதில் பாதியாக இருக்கும். நடு ஒயர்களைத் தனித்தனியே இன்சுலேட் செய்து மடித்து வைத்துவிடுங்கள்.

மோட்டார் மேல் 2.8 வோல்ட் என்று எழுதியிருக்க, 24 வோல்ட் சப்ளை கொடுப்பதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். அந்த 2.8 என்பது காயிலின் ஓமையும் ஆம்பியரையும் பெருக்கி வந்த எண். டிரைவர் மின்னோட்டத்தை அளந்து வெட்டி வெட்டித்தான் கொடுக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது ஆம்பியரை. அதை டிரைவரின் டிப் சுவிட்சுகளில் (டிரைவர் மேல் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகள்) மோட்டாரின் அளவுக்கு, அல்லது அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். அட்டவணையில் பீக் (உச்ச அளவு), ஆர்எம்எஸ் (பயனுறு அளவு) என்று இரண்டு பத்திகள் இருந்தால் எதைப் படிக்கிறோம் என்று கவனியுங்கள். பீக் எண் மற்றதைப் போல 1.4 மடங்கு.

மைக்ரோஸ்டெப்பை, அதாவது ஒரு ஸ்டெப்பை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதை, 8 என்று வைத்தால் சுற்றுக்கு 1,600 பல்ஸ். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். கன்ட்ரோலரில் இந்த எண்ணைக் கொடுங்கள். ஜிஆர்பிஎல்லில் எக்ஸ் அச்சுக்கு இது $100. மைக்ரோஸ்டெப்பை 32, 64 என்று ஏற்றினால் துல்லியமும் அதே அளவுக்கு ஏறும் என்று நினைக்காதீர்கள். ஓட்டம் மென்மையாகும், அவ்வளவுதான். உராய்வும் சுமையும் இருக்கும்போது தண்டு அந்தச் சின்னச் சின்ன இடங்களில் சரியாக நிற்காது.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. காயிலில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபடும்போது எழும் வோல்ட்டேஜ் டிரைவரின் வெளியீட்டை எரித்துவிடும். ஆஃப் செய்து, டிரைவரின் விளக்கு முழுதாக அணைந்த பிறகே கை வையுங்கள். இதே காரணத்தால் மோட்டார் டெர்மினலில் தளர்ந்த ஸ்க்ரூவும் ஆபத்து. ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

கேபிள் பாதை பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே கட்டாகப் போகக் கூடாது. குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைக் கன்ட்ரோலர் பெட்டிப் பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். நடுவழியில் காரணமில்லாமல் 'லிமிட்' என்று நிற்கும் இயந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கேபிள் கட்டைத்தான்.

முதல் ஓட்டம்

மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, தண்டு மட்டும் சுற்றும்படி முதலில் ஓட்டிப் பாருங்கள். தண்டில் ஒரு டேப் துண்டை ஒட்டி 1,600 பல்ஸ் அனுப்பினால் சரியாக ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் நிற்க வேண்டும். அரைச் சுற்றோ இரண்டு சுற்றோ வந்தால் டிப் சுவிட்சும் கன்ட்ரோலர் எண்ணும் பொருந்தவில்லை.

பிறகு கப்ளிங்கை மாட்டி, அச்சை நடுவில் நிறுத்தி, மெதுவாக ஜாக் செய்யுங்கள், அதாவது பொத்தானை அழுத்தி நகர்த்துங்கள். பிளஸ் பொத்தானை அழுத்தினால் பிளஸ் பக்கம் போகிறதா? போகவில்லை என்றால் ஒரு காயிலின் இரண்டு ஒயர்களை மட்டும் மாற்றுங்கள், அல்லது கன்ட்ரோலரில் திசையைத் திருப்புங்கள். இரண்டையும் செய்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். திசை சரியான பிறகு, பிளஸ் பக்கம் ஓடும்போது பிளஸ் லிமிட்டைக் கையால் தொட்டு நிறுத்திப் பாருங்கள். இரண்டு லிமிட்டும் இடம் மாறி இணைந்திருந்தால் இங்கேதான் தெரியும்.

முதல் ஹோமிங்கும் அச்சு நடுவில் இருக்கும்போதே, மிகக் குறைந்த வேகத்தில். கட்டளை கொடுத்ததும் அச்சு ஹோம் சென்சார் இருக்கும் பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் நிறுத்திவிட்டு ஹோமிங் திசையை மாற்றுங்கள். ஜிஆர்பிஎல்லில் இது $23. சரியான பக்கம் போகும்போது, அது சென்சாரை அடையும் முன்பே ஸ்பேனரைச் சென்சாரில் காட்டுங்கள். நின்று பின்வாங்க வேண்டும். பின்வாங்கத் தொடங்கியதும் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். இது நடந்தால்தான் அச்சை உண்மையான சென்சார் வரை போகவிட வேண்டும். ஒரு கை அவசர நிறுத்தப் பொத்தானில் இருக்கட்டும்.

வேகங்களும் தூரங்களும்

நல்ல ஹோமிங் இரண்டு கட்டமாக நடக்கும். வேகமாகப் போய்ச் சென்சாரைக் கண்டுபிடிப்பது, பின்வாங்கி, மெதுவாகத் திரும்ப வந்து தொடுவது. பூஜ்யம் இரண்டாவது தொடுதலில்தான் குறிக்கப்படுகிறது. ஏன் என்பது கணக்கில் தெரியும். பிஎல்சி உள்ளீட்டைக் கவனிக்க 10 மில்லிவினாடி எடுக்கிறது என்று வைப்போம். வினாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் அதற்குள் அச்சு 0.5 மி.மீ. தாண்டியிருக்கும், அதுவும் ஒவ்வொரு முறை வெவ்வேறு அளவில். வினாடிக்கு 2 மி.மீ. என்றால் அந்தப் பிழை 0.02 மி.மீ.க்குள் அடங்கும்.

வேகமாக வந்து தொட்ட பிறகு வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிற்கும் கன்ட்ரோலர்களில் நிற்கும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை வேகக்குறைப்பின் இரண்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். வினாடிக்கு 50 மி.மீ. வேகம், அது ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 250 மி.மீ. குறைகிறது என்றால் 5 மி.மீ. இரும்புத் துண்டு இதை விட நீளமாக இல்லாவிட்டால், அச்சு நிற்பதற்குள் துண்டு சென்சாரைக் கடந்து மறுபுறம் போய்விடும், கன்ட்ரோலர் குழம்பும். ஹோம் சென்சாருக்கும் ஓரத்து லிமிட்டுக்கும் உள்ள இடைவெளியும் அந்த 5 மி.மீ.ஐ விட அதிகமாக வேண்டும். ஜிஆர்பிஎல் இப்படிக் குறைக்காமல், சுவிட்ச் தொட்டதும் பல்ஸை உடனே வெட்டிவிடும். ஆகவே அங்கே தேடும் வேகத்தை மிதமாக வைப்பதே நல்லது.

பின்வாங்கும் தூரம் சென்சார் முழுதாக அணையும் அளவுக்கு இருக்க வேண்டும். பிராக்சிமிட்டி எரியும் இடமும் அணையும் இடமும் ஒன்றல்ல, இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ஜிஆர்பிஎல்லின் $27 தொடக்கத்தில் 1 மி.மீ. என்று இருக்கும், மைக்ரோசுவிட்சுக்குப் போதும், பிராக்சிமிட்டிக்கு 3 மி.மீ. வையுங்கள். போதாவிட்டால் 8 என்ற எண்ணில் அலாரம் வரும். 9 என்று வந்தால் தேடிய தூரத்துக்குள் சுவிட்சே கிடைக்கவில்லை என்று பொருள். அச்சின் மொத்த நீளமான $130 சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இயந்திரத்தை ஆன் செய்யும்போதே அச்சு சென்சார் மேல் நின்றிருந்தால் என்ன ஆகும்? நல்ல கன்ட்ரோலர் முதலில் விலகி, பிறகு தேடும். உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்று வேண்டுமென்றே அங்கே நிறுத்தி ஆஃப் செய்து சோதியுங்கள். சென்சாரைத் தாண்டி, அதற்கும் லிமிட்டுக்கும் நடுவில் நிறுத்தியும் சோதியுங்கள். பலரும் இந்த இரண்டாவதை மறந்துவிடுவார்கள். செங்குத்து அச்சு என்றால் ஹோமை மேலே வைக்க வேண்டும். ஆஃப் செய்ததும் எடையால் கீழே இறங்கிவிடும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

திரும்பத் திரும்ப அதே இடமா

டயல் கேஜ் ஒன்றை வைத்து, ஹோம் செய்து, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஓட்டி, முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். நடுவில் சிலமுறை மின்சாரத்தையும் ஆஃப் செய்து போடுங்கள். எண்கள் முன்னும் பின்னும் சிதறினால் மெதுவான கட்டத்தின் வேகத்தைக் குறையுங்கள், சென்சார் பொருத்திய தகடு ஆடுகிறதா பாருங்கள். ஹோம் செய்யாமல் அச்சை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கும்போது ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது, அல்லது ஆக்சிலரேஷன் அதிகமாகி ஸ்டெப்புகள் தொலைகின்றன.

சிதறாமல், எப்போதாவது ஒருமுறை மட்டும் எப்போதும் ஒரே அளவு தாவினால் அது வேறு நோய். என்கோடர் (தண்டின் சுழற்சியை அளக்கும் கருவி) உள்ள ஸ்டெப்பரில் சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் பல்ஸை ஹோமுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு இது வரும்: தாவல் சரியாக 5 மி.மீ., அதாவது ஒரு முழுச் சுற்று. சில டிரைவர்கள் 7.2 டிகிரிக்கு ஒருமுறை தரும் டைமிங் சிக்னலைப் பயன்படுத்தினால் தாவல் 0.1 மி.மீ. சென்சார் எரியும் இடமும் அந்தப் பல்ஸும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவதால், ஒருநாள் இந்தப் பல்ஸைப் பிடிக்கிறது, மறுநாள் அடுத்ததை. மென்பொருளில் தேடாதீர்கள். இசட் பல்ஸ் என்றால் கப்ளிங்கைத் தளர்த்தி மோட்டார் தண்டை அரைச் சுற்று திருப்பி மீண்டும் இறுக்குங்கள். டைமிங் சிக்னல் என்றால் சென்சாரை 0.05 மி.மீ. அளவுக்கு நகர்த்துங்கள். அதற்கப்புறம் ஹோம் ஆஃப்செட்டை, அதாவது ஹோம் இடத்துக்கும் வேலையின் பூஜ்யத்துக்கும் உள்ள தூரத்தை, மறுபடி அளந்து கொடுக்க வேண்டியிருக்கும்.